அவள் எழுதியதை நான் வாசித்தேன்

நிலாவெளியில், கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பவர்களோடு நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. அதற்கு முன் தம்பலகாமத்தில் நெல் மூட்டை ஏற்றினேன், துறைமுகத்தில் சீமெந்து இறக்கினேன், இடையில் எங்கெங்கோ போய் வந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால், வலையைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பாதையில் புது ஹோட்டல்காரர் கேற் போட்டுப் பூட்டப்போவதாகத் தெரிந்ததும், பிரதேச செயலகத்துக்கு மனு எழுதும் வேலையை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னிடம் தந்தார். பாதை போனால் வலை இறங்காது. வலை இறங்காவிட்டால் எனக்குப் பங்கும் இல்லை, கரையில் வலைக்காரரின் குடிசையான வாடியில் படுக்க இடமும் இல்லை.

நன்றாகத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். ஏழைகளாகிய நாங்கள், கண்ணீரோடு, தயவு கூர்ந்து என்று தொடங்கி, கடலில் இப்போது மீனே இல்லை, அடுப்பு எரிவதில்லை என்று முடித்தேன். பின்னேரம் வாடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சம்மாட்டி தாடியைச் சொறிந்தார்.

"தம்பி, மீனே இல்லையெண்டா பிறகு பாதை என்னத்துக்கு எண்டு செயலகத்து மனுசன் கேப்பானே."

"கண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கோ அண்ணை, வலை நனைஞ்சிடும்" என்றான் கயிற்றில் எனக்கு முன்னால் நிற்பவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான், எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்த இடியப்பக் கடைக்காரி, தானும் ஒன்று எழுதி வைத்திருப்பதாகச் சொல்லிப் போனை எடுத்தாள். கடை வாசலில் அறிவிப்புப் பலகை எழுதி ஊரில் பேர் எடுத்தவள். அவளுடைய சம்பல் சுமார்தான். பலகையைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள்.

அவள் வாசித்தாள். "ஐயா, ஒரு நாள் காலமை இந்தக் கரையில் வந்து நில்லுங்கள். உங்களை யாரென்று யாரும் கேட்க மாட்டார்கள். கயிற்றில் உங்கள் கைக்கும் இடம் இருக்கும். கொஞ்ச நேரம் பிடித்து இழுத்தாலே போதும், கறிக்கு மீன் தராமல் உங்களை அனுப்ப மாட்டார்கள். ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரரும் இழுத்திருக்கிறார்கள், மீன் வாங்கியிருக்கிறார்கள். கேற்றைப் பூட்டினால் நீங்கள் எந்த வழியால் வருவீர்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டி, "இதுதான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் ஒரு நாளும் கயிறு பிடித்தவள் அல்ல. அது என் கதை. இந்த ஊருக்கு வந்த முதல் நாள், ஒருவரையும் தெரியாமல், பசியில் போய்க் கயிற்றைப் பிடித்தேன். முடிவில் ஒரு கை சூடை மீனைப் பையில் போட்டுத் தந்தார்கள். அதனால்தான் இங்கே தங்கினேன். அதை அவள் கடையில் இருந்து இடியப்பம் தின்றபடி நானே சொல்லியிருந்தேன். என்னைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அதிகாரியை நிறுத்தியிருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். அந்த அவ்வளவும் எனக்குத் தோன்றவில்லை.

"என்ர கதையைத்தானே எழுதியிருக்கிறீங்கள்" என்றேன்.

"ஓம், உங்கட கதைதான். நீங்கள்தான் அதை எழுதாமல் அழுது கொண்டிருந்தீங்கள்" என்று சொல்லிவிட்டு வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் எழுதியதையே நான் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன், செயலகம் விசாரணைக்குக் கூப்பிட்டது. கடையைப் பூட்ட ஏலாது என்றதால் அவள் வரவில்லை. உரத்து வாசிக்கக்கூடியவன் என்று சம்மாட்டியோடு என்னையே அனுப்பினார்கள். பஸ்ஸில் அந்தக் கடதாசி சட்டைப்பையில் கிடந்து உறுத்தியது. முணுமுணுவென்று வாசித்தால் அது செத்துப்போகும் என்று தெரியும். அப்படிச் செய்யலாமா என்று நான் யோசிக்காமலும் இல்லை. ஆனால் செத்தால் கூடவே என் படுக்கையும் போகும்.

செயலகத்தில் ஹோட்டல் முகாமையாளர் முதலில் பேசினார். பாதுகாப்பு, தனியார் காணி, காணி உறுதிப்பத்திரம் என்று அடுக்கினார். அதிகாரி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நான் வாசித்தேன். "உங்கள் கைக்கும் இடம் இருக்கும்" என்ற இடத்தில் அவர் பேனையைக் கீழே வைத்தார். அந்தப் பேனை கிடந்த இடம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் கண்ணீர் ஒரு பேனையையும் நிறுத்தியிருக்காது.

"வலை எத்தனை மணிக்கு இழுப்பீங்கள்?" என்று கேட்டார்.

"விடியவே தொடங்கிடுவம் ஐயா."

"வந்து பாக்கிறன். அதுவரைக்கும் கேற் பூட்ட வேண்டாம்" என்று முகாமையாளரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கிறீங்கள்" என்றார்.

பக்கத்தில் சம்மாட்டி இருந்தார். "நான் எழுதேல்ல ஐயா. இடியப்பக் கடைக்காரி எழுதினது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதிகாரி சிரித்து, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்றும் விசாரித்தார்.

திரும்பி வந்தபோது அவள் இடியப்பத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். விசயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"எப்பிடி வாசிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"சத்தமா" என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டை அடுத்த கடையில் சாப்பிட்டேன்.