அடையாள அட்டையில் செய்த சவரக்கத்திப் பிடி

அட்டைகளை ஒட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்தது நானும் எசக்கியும். மோகன் இல்லை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு, முதல் பஸ்ஸிலேயே வாலாஜாபாத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டான். போன வாரம் குன்றத்தூரில் ஒரு கடை வாசலில் பெயர்ப்பலகைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் சூடேறிக் கருகும் வாசனை மூக்கில் ஏறியதும், யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற இந்தப் பழைய விசாரணை எனக்குள் மறுபடி தொடங்கிவிட்டது.

மண்ணூரில் மூவருக்கும் ஒரே அறை, ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். எசக்கி திருநெல்வேலிப் பக்கம். அவன் கை சும்மா இருக்காது. தெருமுனை சலூன் செல்வம் அண்ணன், பிடி உடைந்த சவரக்கத்தியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்தவன், "அண்ணாச்சி, ஒரு பிடி நான் செஞ்சு தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். முதல் பிடி உடைந்த ஹெல்மெட்டில். அது வளைந்திருந்ததால் கத்தி மடங்கவில்லை. அடுத்தது அறுந்துபோன கன்வேயர் பெல்ட்டில். பார்க்க அழகுதான், ஆனால் மேலுதட்டை மழிக்கும்போது பங்சர் கடை வாசனை. "இன்னா நைனா, மூஞ்சியாண்ட டயரு எரியுது?" என்று ஒருத்தர் பாதி மீசையோடு எழுந்து போனதாகச் செல்வம் அண்ணன் சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

பிறகுதான் அடையாள அட்டை. எங்களுக்கு வேலை மாறாது, கான்ட்ராக்டர் மாறுவார். மாறும்போதெல்லாம் புது அட்டை. அதே முகம், அதே பெயர், மேலே மட்டும் வேறு கம்பெனி. பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்தான். வாங்கிக்கொள்ள அந்தக் கான்ட்ராக்டர் இருக்க வேண்டுமே! அதனால் ஆளுக்கொரு கட்டு சேர்ந்திருந்தது. ஓர் அட்டையின் நீளம் பிடிக்குப் போதாது. செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டி, அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்தால் ஓரத்தில் நீலம், வெள்ளை, பச்சை என்று கோடுகள் எழும். போன கான்ட்ராக்டர்கள் எல்லாரும் ஒரு கைக்குள் அடக்கம்.

"என்னுதையும் எட்த்துக்கடா, ஷெல்புல ரப்பர் பேண்ட் போட்டு கீது" என்று மோகன் எப்போதோ சொல்லியிருந்தான். அந்த ஞாயிறு எடுத்தோம். எசக்கி பசை தடவினான். அடுக்கின்மேல் பலகையை வைத்து, பாரத்துக்கு நான் ஏறி உட்கார்ந்தேன். டிப்ளமோ படித்தவனுக்குக் கிடைத்த பொறுப்பு.

மறுநாள் காலை மோகன் வேலைக்குப் போகிற தன் அட்டையைக் காணோம் என்றான்.

"ஆணியில மாட்டினேன். இல்ல. யாராவது எட்த்தீங்களா?"

அந்த 'யாராவது' எசக்கியைப் பார்த்துக்கொண்டே வந்தது. காரணம் இருந்தது. கம்பெனி நேரடியாக எடுத்துக்கொள்ள எங்கள் லைனிலிருந்து ஒரு பெயர்தான் போகும். மோகன், இல்லையென்றால் எசக்கி. அந்த மாதம் லீவு விழுந்தவன் பெயர் போகாது. அட்டை இல்லாமல் கேட் திறக்காது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று எனக்கொரு நினைப்பு. பைகளைக் கொட்டச் சொன்னேன்.

"பாத்துட்டியால? பாய்க்கு அடியில பாரு. சோத்துப் பானைக்குள்ள கைய விட்டுப் பாரு" என்றான் எசக்கி.

பார்த்தேன், பானையைத் தவிர.

அதன்பிறகு அறையில் சோப்பு டப்பாவைக்கூட அவரவர் கையோடு எடுத்துப் போனோம். எசக்கி பாட்டு முணுமுணுத்தால் எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று தோன்றும்; முணுமுணுக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்று தோன்றும். நான் இல்லாதபோது இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அவர்கள் பேசவே இல்லை.

மோகனுக்குப் புது அட்டை வருவதற்குள் லீவு விழுந்துவிட்டது. எசக்கியின் பெயர் போயிற்று. இன்டர்வியூ நாளன்று அவன் தரையில் உட்கார்ந்து பிடிக்குப் பித்தளை ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"கெளம்பலையா?" என்றேன்.

"உள்ள போனா, இவன் அட்டையத் திருடி உள்ள போனவன்னு காலம்பூரா சொல்லுவீய. எனக்கு வேண்டாம்ல."

பிடியைச் செல்வம் அண்ணனிடம் கொடுத்துவிட்டு அன்றே திருப்பூருக்கு பஸ் ஏறினான். குற்றம் செய்தவன்தான் ஓடுவான் என்றான் மோகன். நானும் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். செல்வம் அண்ணன் கத்திப் பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முடி ஒட்டிக்கினு கீது தம்பி. செம்பட்ட முடி. எத்தினி தபா தொடச்சாலும் போவ மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். முடியில்லை, மெல்லிய செம்புக் கம்பி. ஆணிக்குத் துளை போட்ட இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பழைய அட்டைகள் வெறும் பிளாஸ்டிக். கேட்டில் காட்டினால் திறக்கிற புது அட்டைக்குள் மட்டும்தான் கம்பிச் சுருள் உண்டு. முகத்தில் நுரையோடு மோகனுக்கு போன் போட்டேன்.

வந்தவன் அந்தக் கம்பியை நகத்தால் நெண்டிப் பார்த்தான்.

"ஊருக்குப் போறப்ப உங்க மேல ஒரு டவுட்டு. அதான் பழசுக்கு நடுவுல சொருவி வெச்சேன். அங்க எவன் தேடப் போறான்னு."

"கட்ட எடுத்துக்கன்னு நீதானடா சொன்ன?"

"அது மறந்தே பூட்ச்சு. கட்டக் காணோம்னதும், உள்ள அட்ட கீறதப் பாத்துதான் அவன் எட்த்தான்னு நெனச்சேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"ஒளிச்சி வெச்சேன்னு எப்டிடா சொல்றது?"

"கத்தியக் குடு தம்பி, ஆளு வெயிட்டிங்கு" என்றார் செல்வம் அண்ணன்.

எசக்கியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"பிடி ஆட்டங் குடுக்கலேல்லா?"

"இல்ல."

"செரி" என்று வைத்துவிட்டான். அந்த எண் பிறகு கிடைக்கவில்லை.

சலூன் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்த அறைகளை இடித்துவிட்டு ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். கேட்டில் அட்டையும் போய்விட்டது. எந்திரத்துக்கு முகத்தைக் காட்டினால் போதும். கான்ட்ராக்டர் மாறினால் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. காணாமல் போனதற்குப் பதிலாகக் கொடுத்த அட்டைக்கு மோகன் சம்பளத்தில் பிடித்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இதில் ஆன செலவு, ரசீதுப்படி, ஐந்நூறு ரூபாய்.