நண்டைத் தொடாத மாமா

எங்கள் மாமா சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கும் பசிக்கும். கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வருவார். வரும் வழியிலேயே ரொட்டி சானாய் இரண்டு, நாசி லெமாக் ஒன்று என்று தின்று முடித்திருப்பார். லிப்டில் ஏறி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "பசிக்குதுக்கா" என்பார். கையில் கேரி தீவிலிருந்து வாங்கிவந்த நண்டுப் பை தொங்கும். அம்மா அதை மிளகு தூக்கலாகப் பிரட்டி வைப்பாள். அக்காளும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து ஓடு உடைக்கிற சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். உலகத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்று நம்பியிருந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். தட்டு வைத்த அம்மாவிடம் வேண்டாம் என்றார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே உப்பில்லாமல் அவித்த முட்டைக்கோஸும் நறுக்கிய பப்பாளியும் இருந்தன.

"வயித்த கிளீன் பண்றேன்கா. டீடாக்ஸ் லா. லோரிக்காரன் எல்லாரும் பண்றான்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வயிறு என்ன கக்கூஸா, கிளீன் பண்ண?

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியும். கண் மஞ்சளாக இருக்கும், சாயங்காலமானால் கால் வீங்கிவிடும், துணி காயப்போடுவதற்குள் இரண்டு முறை உட்காருவாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஈரல் கெட்டுவிட்டது, சொந்தத்தில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைப்பாள் என்பதையெல்லாம் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். மாமா முதலிலேயே நான் தருகிறேன் என்றாராம். அம்மா ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டாளாம். "வயித்தக் கிழிச்சவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? என் உசுருக்காக உன் வாழ்க்கைய நாசம் பண்ணச் சொல்றியா?" என்று கேட்டாளாம். மாமா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்.

ரத்தம் பொருந்தியது. மற்றதெல்லாமும் பொருந்தியது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உன் ஈரல் முழுக்கக் கொழுப்பு, இப்படியே வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து, முதலில் அதைக் கரைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு நாள் அதிகமில்லை என்பதையும் சொல்லியனுப்பினார். அன்றைக்கே மாமா எண்ணெயை விட்டார், சீனியை விட்டார், வேலை முடிந்து குடிக்கிற பீரை விட்டார். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். விஷயம் தெரிந்திருந்தால் ஊட்டிவிட்டே காரியத்தைக் கெடுத்திருப்பாள்.

மாமாவின் வைராக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இனிக்க இனிக்கப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொடாத மனுஷன், பாலும் சீனியும் இல்லாத வெறுந்தேநீர், தே ஓ கோசோங் குடித்தார். துறைமுக வாசலில் லோரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடும்போது இவர் வேலியோரமாக வேகுவேகென்று நடப்பாராம். எங்கள் வீட்டுக்கு வந்தால் லிப்டில் ஏறமாட்டார். எட்டாவது மாடிக்குப் படியேறி, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்து நிற்பார். வழக்கமாகச் சாப்பிடும் கடைக்காரர், "என்ன பாஸ், சொகமில்லையா?" என்று விசாரிக்கும் அளவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் கட்டடத்தில் அவர் பெரிய வைத்தியராகிவிட்டார். வாயுத் தொல்லைக்காரர், மலச்சிக்கல்காரர், ஏப்பம் நிற்காத ஆன்டி என்று ஞாயிறு காலையில் படிக்கட்டிலேயே மடக்கிப் பிடித்துக் கேட்பார்கள். மாமாவுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் முகத்தை வைத்தியர் மாதிரி வைத்துக்கொண்டு, "நல்லா மென்னு சாப்பிடுங்க அங்கிள், தண்ணி குடிங்க" என்பார். இரண்டொருவருக்குக் குணமானதும் உண்மை.

அம்மா மட்டும் இந்த வயிற்றுக் கதையை நம்பவில்லை. ஒருநாள் அந்த முட்டைக்கோஸை எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு, பூச்சோங் பாசாரில் என்று சொல்லிவிட்டார். அன்றோடு அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். கிள்ளான்காரனுக்குப் பூச்சோங்கில் என்ன கோஸ் வேண்டிக்கிடக்கிறது? அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அவள்தான் தொப்பையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். முதலில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். தம்பிக்கு ஒருவழியாகக் கல்யாண ஆசை வந்துவிட்டதே என்று அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். நானும் அந்தப் பெண்ணை நம்பிவிட்டேன். நீளமாக முடி, உதட்டுச்சாயம், குதிகால் செருப்பு என்று அவளுக்கு உருவம்கூடக் கொடுத்துவிட்டேன்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு ஞாயிறு அம்மா அப்பாவை அனுப்பி நண்டு வாங்கிவரச் சொன்னாள். அடுப்பருகே நாற்காலி போட்டு, ஒரு கிளறல் கிளறுவதும் ஒரு நிமிஷம் உட்காருவதுமாகக் காலையெல்லாம் சமைத்தாள். மாமா உள்ளே நுழையும்போது வீடே மணத்தது. அவர் வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தார்.

அம்மா ஒரு நண்டுக்காலை அவர் தட்டில் வைத்தாள்.

"ஒரு வாய்டா தம்பி. முடியாம சமைச்சிருக்கேன்."

"வயிறு கெட்டுரும்க்கா."

"யாருடா அவ? அவ சொன்னா அக்கா கைச்சோறு வேணாமா? சொல்லு, நான் பெருசா, அவ பெருசா?"

மாமா நிமிரவில்லை. கோஸை மென்று விழுங்கிவிட்டு, "அவதான்கா பெருசு" என்றார்.

அம்மா அந்த நண்டுக்காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா டப்பாவைக் காலி செய்து, கழுவி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கால் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டேன். "ஒன்னக் கடிச்சிருந்தா சட்டியோட முடிச்சிருப்பேன் லா. என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. மாமா ஞாயிறுதோறும் படியேறி வந்து, அப்பாவிடம் அக்கா எப்படி இருக்கு என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போவார். அம்மாவின் கண்ணோ நாளுக்கு நாள் இன்னும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், வரும் நாளல்லாத நாளில் மாமா வந்தார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அதற்குள் அப்பா அம்மாவிடம் எதையோ சொல்லியிருந்தார். அம்மா கம்பிக்கதவைத் திறந்தாள், மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள், நெஞ்சில் குத்தினாள். குத்திக் குத்தியே அழுதாள். மாமாவும் அழுதார். "எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா. டாக்டரே சரின்னுட்டாரு. இனி நீ ஒன்னும் பேச முடியாது" என்றார்.

முடிஞ்சிருச்சு என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. பூச்சோங்காரி கைவிட்டுவிட்டாள். எனக்கு மாமாவைப் பார்க்கவே பாவமாகப் போயிற்று. கிட்டே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாமா, வேற நல்ல பொண்ணா கெடைக்கும்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்து, அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன், மாமா துணைக்கு இருக்கிறார் என்றார்கள். துணைக்குப் போனவரும் நோயாளி மாதிரித்தான் திரும்பி வந்தார். எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு குனிந்து குனிந்து நடந்தார். அப்போதும் கஞ்சிதான் குடித்தார். வேண்டாம் என்று போனவளுக்காக இன்னும் வாயைக் கட்டுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பூச்சோங் பொண்ணு எப்படிம்மா இருப்பா? மாமா அவளுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டாரு."

சீப்பு பாதியில் நின்றது.

"அவளா? கூறுகெட்டவ" என்றாள் அம்மா. மறுபடி வாரிக்கொண்டே, "ஆனா கொடுத்து வச்சவ" என்றாள். பிறகு வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

அம்மா ஏன் அவளை அதோடு விட்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் விடுவதாக இல்லை. பூச்சோங் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, சாலையில் போகும் அக்காமார்களை ஒருத்தி விடாமல் முறைத்துக்கொண்டே போவேன். பக்கத்து இருக்கையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.