அண்ணி சொல்ல மறுத்த பெயர்

என் அண்ணி டோரீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். மர்பி டவுனில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும், "டோரீன் அக்காவா, தங்கமாச்சே" என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்து பாருங்கள், அப்போது தெரியும். என் வீட்டுக்காரர் செத்துப்போனபிறகு நான் அவளோடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் கத்துவேன், அவள் பேசாமல் தான் நினைத்ததைச் செய்வாள்.

அவள் அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். அண்ணி இப்போது இந்திரா நகரில் ஒரு பிளேஸ்கூலில் ஆயா. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, சோறூட்டி, தட்டித் தூங்கவைக்கிற வேலை. லீவு நாளில்கூட டோரீன் ஆன்ட்டி வேண்டுமென்று அந்தப் பிள்ளைகள் அழுமாம். அவளுக்கென்று பிள்ளை இல்லை. புருஷன் மட்டும்தான் இருந்தான்.

அந்தப் புருஷன்தான் என் அண்ணன் பெலவேந்திரன். பொம்மசந்திராவில் பம்புக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. வாய் ஓயாத ஆள். கோயில் பாடகர் குழுவில் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். சுருதி அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். ஊரே சிரிக்கும். அண்ணி ஒருத்திதான், "நல்லாத்தான பாடுறாரு" என்பாள்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் மத்தியான ஷிப்டுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். சண்டை இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை. வேறொருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை என்று நான் நினைத்ததுண்டு, திட்டுவதற்காவது ஒருத்தி கிடைத்திருப்பாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அடையாளம் தெரியாத உடம்பு ஏதாவது வந்தால் போன் செய்து கூப்பிடுவார்கள். பிணவறை வாசலோடு அண்ணி நின்றுவிடுவாள். உள்ளே போய்த் துணியை விலக்கிப் பார்க்கிறது என் தலையெழுத்து. "நம்ம ஆள் இல்ல அண்ணி" என்று வெளியே வந்து சொல்வேன். "அதான் எனக்குத் தெரியுமே" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் செத்துவிட்டான் என்று நான் முடிவுகட்டி வெகுகாலமாகிறது. உயிரோடு இருந்தால் அந்த வாய் பதினோரு வருடம் பேசாமல் இருக்குமா? ஒரு கல்லறைத் திருநாளன்று ஓசூர் ரோடு கல்லறையில் எங்கள் அம்மாவின் குழிக்கு வெள்ளையடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மாவுக்கு ஏற்றிய கையோடு பக்கத்தில் அண்ணனுக்கும் ஒன்று ஏற்றிவிட்டேன். அண்ணி குனிந்தாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். வாயால் ஊதி அணைத்துவிட்டு, சுடச்சுட அந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பைக்குள் கிடந்த கைக்குட்டை கருகிவிட்டது.

இப்படி இருந்தவள் வாழ்க்கையில்தான் போன வருடம் யூபிலி ஆண்டு வந்தது. கத்தோலிக்கர்களுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற புனித ஆண்டு. கோயில் முகப்பில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பெரிய பேனர் கட்டினார்கள். அந்த வருடத்தில் பரிபூரண பலன் பெறலாம் என்று எங்கள் பங்குச் சாமியார் பாதர் ஸ்டேனி பிரசங்கத்தில் சொன்னார். அவர் மங்களூர்ப் பக்கத்துக்காரர். எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு, நடுநடுவே கன்னடத்தில் வழுக்கி விழுவார். பலன் என்றால் என்னவென்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

"மீன் ஆக்கின சட்டிய கழுவிட்டீங்க. ஆனா வாசன போகல, இல்லவா? சாமியார்கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணா பாவம் கழுவிடும். மிச்சம் இருக்கிற வாசனய எடுக்கிறதுதான் பலன். பரலோகம் போறதுக்கு முன்னால உத்தரிக்கிற ஸ்தலத்துல ஆத்துமாக்கள் அந்த வாசன போறவரைக்கும் வேதனப்படுறாங்க. அவங்களுக்காக நாம பலன் வாங்கிக் குடுக்கலாம்."

வாங்குவது என்றதும் காசு கொடுத்து வாங்குவதென்று நினைக்க வேண்டாம். ஆயர் குறித்துக் கொடுத்த யூபிலி கோயில்களில் ஒன்றுக்குத் திருப்பயணம் போக வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, நற்கருணை அப்பமான நன்மை வாங்க வேண்டும். பாப்பரசரின் கருத்துகளுக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம். இதெல்லாம் சுலபம். கடைசி நிபந்தனைதான் பொல்லாதது: எந்தப் பாவத்தின் மேலும், அற்பப் பாவத்தின் மேலும்கூட, மனதில் ஒட்டுதல் இருக்கக் கூடாது. என் வாயை வைத்துக்கொண்டு இந்த ஜென்மத்தில் எனக்கு அது கிடைக்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பூசை முடிந்ததும் அண்ணி பாதரிடம் நேராகப் போய் நின்றாள்.

"பாதர், உயிரோட இருக்கிற இன்னொருத்தருக்கு இத வாங்கலாமா?"

"இல்லம்மா. உயிரோட இருக்கிறவங்க அவங்கவங்களே வாங்கணும். நமக்கு வாங்கலாம், இல்லாட்டி செத்தவங்களுக்கு வாங்கலாம். அஷ்டே" என்று, அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தார்.

அண்ணி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையே முதல் பலனை அவள் அம்மாவுக்கு வாங்கினாள். அப்புறம் அப்பாவுக்கு. அப்புறம் என் அம்மாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு. பிளேஸ்கூல் லீவு விடுகிற சனிக்கிழமையெல்லாம் இரண்டு பஸ் மாறி யூபிலி கோயிலுக்குப் போவாள். சொந்தக்காரர்கள் முடிந்ததும் சந்தில் செத்தவர்களைப் பிடித்தாள். சாராயம் குடித்தே போன எலெக்ட்ரீஷியன், பிரசவத்தில் போன பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒருவரையும் விடவில்லை. எதிர்வீட்டுப் பாஞ்சாலி அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவளும் ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "செத்துப்போன எங்க பையன் முனிராஜுக்கும் சேத்துச் சொல்லிட்டு வாம்மா, அது என்னாவோ ஒண்ணு குடுக்கிறாங்களாமே" என்றாள். அதற்கும் அண்ணி போய்வந்தாள். முறையா என்று பாதரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே போனால் செத்தவர்கள் தீர்ந்துபோவார்களே, அப்போது என்ன செய்வாள் என்று நான் காத்திருந்தேன். அக்டோபரில் தீர்ந்துபோனார்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

"ஊர்ல இருக்கிற குடிகாரனுக்கெல்லாம் வாங்கிக் குடுத்த. கட்டின புருஷனுக்கு ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"அவருக்கு எதுக்கு? வந்து அவரே வாங்கிப்பாரு."

"எங்கேருந்து வருவான்? அண்ணி, சொன்னாக் கேளு. இந்த வருஷம் போனா அடுத்த யூபிலிக்கு நீயும் நானும் இருப்போமா? அவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?"

"உனக்கு அவர் செத்தாத்தான் நிம்மதியா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

கேட்டாளே ஒரு கேள்வி! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விட்டேனா? பாதர் ஸ்டேனியை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"நீங்க அவர் பேர் சொல்ல வேணாம். யாரும் நெனைக்க ஆளில்லாத ஒரு ஆத்துமாவுக்குன்னு ஒப்புக்கொடுங்க. அவர் அங்க இருந்தா ஆண்டவர் அவருக்குக் குடுப்பார். இல்லாட்டி வேற யாருக்காவது போகும். ஆண்டவர் எதுவும் வேஸ்ட் பண்ண மாட்டார்."

நல்ல வழி என்று எனக்குத் தோன்றியது. அண்ணி காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஆளில்லாதவருன்னு எப்படி பாதர் சொல்றது? நான் இருக்கேனே."

பாதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். ஒரு சாயங்காலப் பூசையில் பாதர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி மறுபடியும் பேசினார். எங்களை மனதில் வைத்துப் பேசவில்லை, எப்போதும் பேசுவதைத்தான் பேசினார். அங்கே இருக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே எதுவும் செய்துகொள்ள முடியாது, நம்மில் யாராவது வருவோமா என்று வழியைப் பார்த்துக் காத்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். வீட்டுக்கு வந்து நான் சோறு போட்டேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிலோ, அவர் ஒருவேள அங்க இருந்தா, பதினோரு வருஷமா என்னைத்தான பாத்துக்கிட்டு இருப்பாரு?"

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"காத்துக்கிட்டு இருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. நான் இங்க அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லி, அவர அங்க காக்க வெச்சுட்டேனோ?"

தட்டில் கை வைத்தபடியே அழுதாள். அவன் காணாமல் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. சமாதானம் சொல்லத்தான் நினைத்தேன். என் வாயில் வந்ததோ, "அதத்தான நானும் சொல்றேன்" என்பது. நாக்கா இது?

அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. டிசம்பரில் வழக்கம்போல் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டோம், சந்து முழுக்கக் கொடுத்தோம். எங்கள் மறைமாவட்டத்தில் யூபிலி ஆண்டு முடிகிற ஞாயிற்றுக்கிழமை, காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றாள். நானும் கூடப் போனேன்.

யூபிலி கோயிலில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. பாவசங்கீர்த்தன வரிசை வாசல் தாண்டி நின்றது. எங்கள் பாதரும் அன்று அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்க வந்திருந்தார். அண்ணி அவரிடம் போய் முழங்காலிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு அம்மாள், "அப்படி என்னதான் பாவமோ" என்றாள். அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டாள். அண்ணி பாவம் என்று எதைச் சொல்லியிருப்பாள்? எனக்கு இன்றுவரை தெரியாது.

பூசை நடந்தது. நன்மை வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் முழங்காலிட்டு, பாப்பரசருக்காகப் பரலோக மந்திரம் சொன்னாள், அருள்நிறை மந்திரம் சொன்னாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்து கூட்டம் எழுந்தபிறகும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தேன்.

மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றோம்.

"சொல்லிட்டேன் பிலோ" என்றாள்.

"என்னன்னு?"

"'மரித்துப்போன என் கணவர் பெலவேந்திரனுக்காக ஒப்புக்கொடுக்கிறேன்'னு."

வருடம் முழுவதும் இதற்காகத்தானே நான் தொண்டை கிழியக் கத்தினேன்? ஆண்டவரே நன்றி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"யாரக் கேட்டுச் சொன்ன? ஏன் சொன்ன?"

"நீதான பிலோ வருஷம் பூரா..."

"நான் சொல்லுவேன்! நான் ஆயிரம் சொல்லுவேன்! நீ சொல்லமாட்டன்னு தெரிஞ்சுதான அண்ணி நான் சொன்னேன்!"

என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. இத்தனை வருடமாக அத்தனை பிணங்களைப் பார்த்து, நம்ம ஆள் இல்லை, நம்ம ஆள் இல்லை என்று வெளியே வந்ததெல்லாம் யாரை நம்பி? வாசலில் நின்றவளை நம்பித்தான். அவன் செத்துவிட்டான் என்று நான் தைரியமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும், இவள் இல்லை என்பாள் என்ற தெம்பில்தான். இப்போது இவளும் விட்டுவிட்டாள். என் அண்ணனைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

பாதர் ஸ்டேனி அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாதர், ஒரு தடவ ஒப்புக்கொடுத்தத திருப்பி வாங்கிக்கலாமா? இவ தெரியாம சொல்லிட்டா பாதர். வேற யாருக்காவது மாத்திக்கலாமா?"

அவர் என்னையும் பார்த்தார், பின்னால் நின்ற அண்ணியையும் பார்த்தார். "பிலோமினாம்மா..." என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை.

அண்ணி வந்து என்னை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி, வாய்விட்டு அழுதோம். அண்ணா, அண்ணா என்று நான் கூப்பிட்டது கோயிலுக்குள் கேட்டிருக்கும். கேட்கட்டும். பூசை முடிந்து போகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரிசையில் முணுமுணுத்த அதே அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி குனிந்து கேட்டாள்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"என் வீட்டுக்காரரும்மா."

"அய்யோ பாவமே. எப்பம்மா?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்குத்தான்" என்றாள்.