எதிர்முனையில் ஒரு ‘ம்’

கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் என் அறையின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வீட்டு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் சொன்னதும் எதிர்முனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்றேன். “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார் அந்தப் பெண். மறுபடி தொடங்கினேன், மறுபடி நிசப்தம், மறுபடி ஹலோ. கடைசியில் அவர் குரல் இளகி, “நீங்கள் நலமாக இருக்கிறீர்களா, யாரையாவது அனுப்பட்டுமா?” என்று கேட்டார். “அதற்காகத்தானம்மா போன் செய்தேன், உடனே அனுப்புங்கள்” என்றேன். அவர் அனுப்ப நினைத்தது ஆம்புலன்ஸ் என்பது பேச்சு முடியும் தறுவாயில்தான் எனக்கு விளங்கியது.

நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் ஒருவர் பேசினால் கேட்கிறவர் ‘ம்’ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சானாலும் சரி, மேலப்பாளையம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாலும் சரி, ‘ம்’ நின்றால் பேச்சும் நின்றுவிடும். “கேக்கியாலே?” என்று தோளில் ஒரு தட்டு விழும். இங்கே வாய் திறக்காமல் கண்ணைப் பார்த்துக் கேட்பதுதான் மரியாதை. வகுப்பில் எங்கள் ஆசிரியை ஃபியோனா பேசப் பேச நான் பழக்கத்தில் ‘ம்’ போட்டேன். அவர் நிறுத்தி, “ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்றார். இல்லை என்றேன். தொடர்ந்தார், என்னையறியாமல் மறுபடி ‘ம்’ வந்தது. மறுபடி நிறுத்தினார். அன்று முதல் உதட்டைக் கடித்துக்கொண்டு பாடம் கேட்டேன். வாய் மூடியிருந்தால் எனக்குக் காதும் பாதி மூடிக்கொள்கிறது, என்ன செய்ய.

படிக்க வந்தது டிஜிட்டல் மார்க்கெட்டிங். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இதற்காக விமானம் ஏறினேன். “போன்ல படம் போடுததுக்கு ஒரு படிப்பா?” என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார் அப்பா. கடைசிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் உண்டு. சின்ன வியாபாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சமூக ஊடகங்கள் வழியாக வளர்த்துக் காட்ட வேண்டும். உடன் படித்தவர்கள் பக்கத்துத் தெரு காபிக் கடைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் காதரைப் பிடித்தேன்.

காதர் என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவன், மேலப்பாளையத்துக்காரன். உடன்குடிக்கு நேரில் போய்க் கருப்பட்டி வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் பாக்கெட் போட்டு, கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய வாப்பாவுக்கு நெடுங்காலமாகச் சவூதியில், தம்மாமில் வேலை. மகனுக்கும் அங்கேயே விசா ஏற்பாடு செய்துவிட்டார். நோன்புப் பெருநாளுக்குள் வியாபாரம் காலூன்றினால் ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் பெருநாள் முடிந்ததும் விமானம் என்பது பேச்சு. காதருக்குப் போக மனமில்லை. “எல்லாரும் போயிட்டா இங்கன யாருலே இருக்கது?” என்று கேட்டான். போய்விட்ட என்னிடமே அதைக் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. புராஜெக்ட் சொதப்பினால் எனக்கு மதிப்பெண்தான் போகும். அவனுக்கு ஊரே போய்விடும்.

படித்ததையெல்லாம் இறக்கினேன். கருப்பட்டியின் நன்மைகள் என்று ரீல்ஸ் போட்டோம், பின்னணியில் தாமிரபரணியை ஓடவிட்டோம், ஹாஷ்டாக் மாலை கட்டினோம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் சொந்தக்காரர்கள். டொரண்டோவிலிருந்து ஒருவர் விலை என்ன என்று கேட்டிருந்தார். அதற்குக் காதர், “மொதல்ல ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி, வெலைய பொறவு பேசிக்கிடலாம்” என்று பதில் எழுதியிருந்தான். கடைக்கு வந்தவரிடம் சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறான். டொரண்டோக்காரர் எந்தத் துண்டை எடுத்து வாயில் போடுவார்? தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமைக் காலை, எனக்குக் காலை, அவனுக்கு மத்தியானம், அந்த ஹீட்டர் கதையை அவனுக்குப் போனில் சொன்னேன். அவன் பாக்கெட் போட்டுக்கொண்டே “ம்... ம்... பொறவு?” என்று கேட்டான். அதைப் பதிவு செய்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்தில் ஏற்றிவிட்டான். வந்ததே கோபம் எனக்கு. ஆனால் அந்த வாரம் முன்பின் தெரியாத மனிதர்கள், குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும், அடுத்த கதை எப்போது என்று கேட்டு எழுதினார்கள். இப்படித்தான் ‘பொறவு?’ என்ற எங்கள் பாட்காஸ்ட் பிறந்தது. நான் இங்கே படும் பாட்டை வாரம் ஒன்றாகச் சொல்வேன். அவன் ‘ம்’ போடுவான். முடிவில் கருப்பட்டி பற்றி ஒரு வார்த்தை. ஆர்டர்கள் பைய வரத் தொடங்கின.

ஃபியோனாவுக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஒலி அலைகளைப் பார்த்தே பாட்காஸ்டைச் சோதித்தார். என் குரலுக்கு நடுவே முளைத்திருந்த சின்னச் சின்ன மேடுகளைக் காட்டி, “இந்த இரைச்சலை எடுத்துவிடுங்கள், தொழில்முறையாக இருக்கும்” என்றார். இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து காதரின் ஒவ்வொரு ‘ம்’மையும் களை பிடுங்குவதுபோல் பிடுங்கினேன். கேட்டுப் பார்த்தேன். பளிங்காக இருந்தது. வெளியிட்டேன்.

கேட்கிறவர்கள் எந்த நிமிடத்தில் விலகிப் போகிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. அந்த வாரம் அது தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. ஆர்டரும் படுத்தது. குவைத்தில் லாரி ஓட்டும் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் குரல் செய்தி அனுப்பினார்: “தம்பி, கூட ம் போடுத பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? நீங்க தனியா பேசுதத கேக்கதுக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.” மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஓர் அக்கா, “நீ எங்கிட்ட பேசுத மாதிரியே இல்லப்பா, யாருக்கோ பேசுத மாதிரி இருக்கு” என்றார். காதருக்கு வருத்தமெல்லாம் இல்லை. “ஏலே, நான் மௌத்தாயிட்டேன்னே முடிவு கட்டிட்டாங்க போல” என்று தன் சாவுக்குத் தானே சிரித்தான்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கதைகளுக்காக அவர்கள் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது எவ்வளவு பெரிய நினைப்பு. ஊரில் ஒருவன் உட்கார்ந்து, இங்கிருக்கிறவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறான் என்பதைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டு, பாக்கெட் ஒட்டும் சத்தத்தோடு அதே கதையை மறுபடி வெளியிட்டேன். கோடு எழுந்து நின்றது. இறுதி மதிப்பீட்டில் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். ஃபியோனா அவற்றைப் பார்த்துவிட்டு, நான் மேற்கொண்டு பேசுகையில் மெல்ல ‘ம்’ போடத் தொடங்கினார். எல்லாம் தவறான இடத்தில்; மூச்சு விட நிறுத்தினால் ‘ம்’, வாக்கியத்தின் நடு வயிற்றில் ‘ம்’. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது.

பெருநாளுக்கு முந்தைய வாரம் காதர் தன் வாப்பா அனுப்பிய குரல் செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினான். “ஏலே காதரு, வாப்பா பேசுதேன். வெள்ளிக்கிழம லீவுல இங்க ரூம்ல எல்லாரும் படுத்துக்கிட்டு ஒன் சத்தத்தத்தான் கேக்கோம். ஏவாரமும் ஓடுதுன்னு உம்மா சொன்னா. நீயும் இங்கன வந்துட்டா அங்கன யாருலே கேப்பா? விசா வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ அங்கனயே இரி.” செய்தி முடிந்தது. அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் ‘ம்’ என்றேன்.

காதர் ஊரில் இருக்கிறான். எனக்கு இங்கேயே ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது; இனி ஊருக்கு விருந்தாளிதான். நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மறுநாளே சனிக்கிழமையை எதிர்பார்த்து மனம் குதிக்கவும் செய்கிறது. இப்போதும் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்வேன். அது கடல் தாண்டி மேலப்பாளையத்து முன்னறைக்குப் போய், அங்கிருந்து ‘ம்’ திரும்பி வருவதற்குச் சற்றுத் தாமதமாகும். அந்த இடைவெளியை ஒரு சொடுக்கில் மூடிவிடும் வித்தையையும் ஃபியோனா கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் அதை மூடுவதில்லை. என் குரலுக்கும் அவன் ‘ம்’முக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்ன மௌனத்தில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.