மஞ்சள் துணி கட்டிய பூண்டு

என் மருமகள் பாண்டிச்செல்விக்கு உட்கார்ந்து சோறு தின்னத் தெரியாது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே காட்டைப் பார்ப்பாள். ஐந்து வருடத்தில் எங்கள் மன்னவனூர்க் காடு முழுவதும் சொந்த விதைப்பூண்டுதான் நிற்க வேண்டும், வெளியே ஒரு பல்கூட வாங்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். முதல் வருடம் ஒரு பாத்தி, அடுத்த வருடம் நாலு என்று அளவு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அறுப்பிலும் திரண்ட பூண்டாகப் பொறுக்கி, அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவாள். மூன்றாம் வருடம் அரைக்காட்டுக்கு விதை சேர்ந்துவிட்டது. சமையலுக்கு யாரும் பிய்த்துவிடக் கூடாதென்று அந்தக் கட்டுகளில் மஞ்சள் துணி சுற்றினாள்.

மஞ்சள் துணி என்றால் எனக்கு நேர்த்திக்கடன்தான். மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் அத்தனையும் இறக்கிக் கொடுத்துவிட்டேன்.

“நான் நேந்துக்கவே இல்லையே அத்தே,” என்றாள்.

“ஆத்தாளுக்குப் போனதத் திருப்பிக் கேக்கக் கூடாதுடி.”

“ஆத்தாகிட்டயா கேக்கேன்? சமையக்காரர்கிட்டதான் கேக்கப் போறேன்.”

ஓடினாள். உரித்தது போக மிஞ்சிய இரண்டு கட்டோடு வந்து, நின்றபடியே கணக்குப் போட்டாள்.

“ஆறு பாத்திக்குத்தான் வரும். அஞ்சு வருசம் இனி ஏழாகும்.”

“ஏழு வருசம் நான் கெடப்பனா?”

“கெடங்க. உங்களுக்குச் சோலி இருக்கு,” என்று பூண்டுக்கட்டு ஒன்றை என் மடியில் போட்டாள்.

நான் கொடுத்தது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் விதைக்குப் பல் பிரிக்க ஆரம்பித்தேன்.