எருமைக்கன்று பள்ளிக்கூடம் வந்த நாள்

கோவை இலையையும் அடுப்புக்கரியையும் ஒன்றாகக் கசக்கினால் ஒரு மணம் வரும், பச்சையும் புகையும் கலந்து மூக்கின் உள்ளே கொஞ்சம் கசக்கிற மணம். சிலேட்டைக் கறுப்பாக்க அந்தக் காலத்தில் அதைத்தான் பூசுவோம். பூசுவோம் என்றால் நான்தான் பூசுவேன். சிலேட்டு என் தங்கச்சி மகேசுவுடையது. விடிய எழும்பி, வேலியில் படர்ந்த கொடியில் இலை பறித்து, கசக்கி, பூசி, வெயிலில் காயவைத்து அவளிடம் கொடுத்துவிட்டு நான் எருமைகளை அவிழ்ப்பேன், அவள் பள்ளிக்கூடம் போவாள். குளத்தில் எருமை குளிப்பாட்டினாலும் பின்னேரம் வரைக்கும் அந்த மணம் என் கையை விட்டுப் போகாது.

இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கவினி எழுதுகிறாள், எனக்கு எழுத்துத் தெரியாது. நான் "எண்டு" என்றால் அவள் "என்று" என்று திருத்துகிறாளாம். "கதைக்கிற மாதிரி எழுதினா வாசிக்கிற சனம் சிரிக்கும், அம்மம்மா" என்கிறாள். சிரிக்கட்டுமே, சிரிப்புக்கு என்ன குறை என்று கேட்டேன். கடைசியில், ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடி எழுதுவது என்று இரண்டு பேருமாக முடிவெடுத்தோம்.

எங்கள் ஊர் முள்ளியவளை. பிள்ளையைப் பள்ளியில் விட முன்னம் விஜயதசமி அன்று "ஏடு தொடக்க" வேண்டும், அதாவது தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் முதலெழுத்தை எழுதுவிக்க வேண்டும். என் முறை வந்த வருடம் பெரியப்பா செத்துப்போய் வீட்டில் "துடக்கு", நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. மற்ற வருடம் எனக்கு "அம்மாள் வருத்தம்", உடம்பெல்லாம் கொப்புளமாக வேப்பிலையில் கிடந்தேன். அதற்கடுத்த வருடம் மகேசுவுக்கும் வயது வந்துவிட்டது. இரண்டு பேரையும் இருத்துவோம் என்று அம்மா சொல்ல, அப்பாச்சி மறித்துவிட்டா. "ஒரு வீட்டிலை ஒரே நாளிலை ரெண்டு ஏடு தொடக்கினா ஒண்டு விளங்காது." இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதென்று கோயில் ஐயரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவர் சிரிக்கிறார். சின்னவள் அழுவாள் என்று அவளை இருத்தினார்கள். நான் அழமாட்டேன் என்று யார் சொன்னது? பிறகு ஒருநாள் அப்பு, எங்கள் தகப்பன், என் உயரத்தைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு இனி என்னத்துக்கு ஏடு, மாட்டைப் பாக்கட்டும்" என்றார். அதோடு முடிந்தது.

ஆகையால் பொறாமை எனக்குப் பழக்கமான சாமான்தான். ஆனால் இந்த வயதில், உடையார்கட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தும் அது வரும் என்று நினைக்கவில்லை. அவா கவினியின் தமிழ் ரீச்சர். இந்த வருடம் அவா வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எந்த வசனமும் "ரீச்சர் சொன்னவா" என்றுதான் தொடங்குகிறது. சாப்பிடும்போது சாப்பாட்டை மட்டும் கவனிக்கச் சொன்னாவாம். பிள்ளை வாய் திறக்காமல், கண்ணை மூடி, புட்டை மணி மணியாகச் சப்புகிறது. எனக்கு இருந்ததே அந்தச் சாப்பாட்டு நேரக் கதை ஒன்றுதான், அதுவும் போயிற்று. "ஏனடி, புட்டு சரியில்லையோ?" என்று கேட்டால் கையைக் காட்டி மறிக்கிறாள்.

கூட்டிவரப் போகிற நேரம் ஜன்னல் கம்பியால் பார்ப்பேன். ரீச்சர் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் கரண்டியால் மெல்லத் தட்டுவா. அந்த ஓசை அடங்கும் வரைக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பிறகு குனிந்து எழுதுவார்கள். பிரம்பே இல்லை. பிழையாக எழுதினால் பக்கத்தில் குந்தியிருந்து, "இதிலை நீ என்ன சொல்ல நினைச்சனி, எனக்குச் சொல்லு" என்று கேட்பா. ஒருநாள் வாசலில் வைத்து, "இதென்ன பிள்ளை, சத்தம் கேக்கிறதும் ஒரு படிப்போ?" என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அவா சிரித்தா. "சண்டைக் காலத்திலை நாங்கள் படிக்கேக்கை சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பங்கர்க் குழிக்கை குதிச்சனாங்கள், அம்மம்மா. சத்தம் கேட்டும் இருந்த இடத்திலை இருக்கலாம் எண்டதை நான் நல்லா வளந்தாப்பிறகுதான் பழகினன். இதுகள் இப்பவே பழகட்டும்." அதற்குமேல் என்னத்தைக் குத்துவது? கவினியின் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் அந்த வேலை வந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களின் பள்ளிக்கூடக் காலத்துக் கதை ஒன்றைக் கேட்டு, தங்கள் சொந்தச் சொல்லில் எழுதிவர வேண்டும். கவினி என்னிடம் கேட்கவில்லை. "நீங்கள் பள்ளிக்கூடம் போகேல்லைத்தானே அம்மம்மா" என்று சொல்லிவிட்டு, மதிலில் விட்ட வழியால் பக்கத்து வளவுக்கு, மகேசுவிடம் ஓடினாள். மகேசு கண்ணாடி போட்டுப் பேப்பர் வாசிக்கிறவள். நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டின காய்க்கு அளவும் இல்லை, கணக்கும் இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்குக் கவினியின் தாய்க்கு லீவு கிடைக்காமல் நான் போனேன். முன்வரிசைக் கதிரையில் மகேசு, கஞ்சி போட்ட சீலையோடு. ரீச்சர் அழைத்தாவாம். கவினி எழும்பி வாசித்தாள்.

மாரி நாளாம். வகுப்பு நடக்கிறபோது இடி இடித்து, ஒரு எருமைக்கன்று வெருண்டு உள்ளே பாய்ந்ததாம். வாத்தியார் பிரம்போடு மேசையில் ஏறிவிட்டாராம். பிள்ளைகள் எல்லாம் கத்த, அவளுடைய சின்னம்மம்மா, அதாவது மகேசு, மட்டும் பயப்படாமல் கன்றின் கழுத்துக்கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாவாம். "கெட்டிக்காரி" என்றாராம் வாத்தியார். சனம் கை தட்டியது. ரீச்சரும் தட்டினா.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. "எடியே மகேசு! அது நானடி!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கவினியின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் கூச்சம்தான், ஆனால் எழும்பினது எழும்பினதுதான். படிப்பு முழுவதும் அவளுக்குக் கிடைத்தது. நான் என் ஆயுளில் ஒரு வகுப்புக்குள் கால் வைத்தது அந்த ஒரே நாள். அதையும் எடுத்துக்கொண்டாளே!

ரீச்சர் யார் சரி, யார் பிழை என்று கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மகேசுவுக்குப் பக்கத்தில் இருத்தினா. "இது சோதினை இல்லை, ஆருக்கும் புள்ளி போடப்போறதும் இல்லை" என்றுவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினா. கண்ணை மூடினேன். அந்த ஓசை நீண்டு, மெலிந்து, போய்க்கொண்டே இருந்தது.

"அண்டைக்கு உங்கடை காலுக்குக் கீழை என்ன இருந்தது, அம்மம்மா?"

எந்த மனுசரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "சாணியாலை மெழுகின நிலம்" என்றேன். "குளிர். என்ரை காலெல்லாம் சேறு. அரைச்சுவரோடை நிண்டா உள்ளுக்கை படிப்பிக்கிறது கேக்கும், அதுக்காக நனைஞ்சு கொண்டு நிண்டனான். எருமைக்கண்டு பாய, நானும் பாஞ்சன். வாத்தியார் மேசையிலை நிண்டபடி, கெட்டிக்காரி, நீ எந்த வகுப்படி பிள்ளை எண்டு கேட்டார். நான் எருமையோடை வந்தனான் எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. வெளியிலை வந்து திரும்பிப் பாத்தன், என்ரை காலடி உள்ளுக்கை, மெழுகின நிலத்திலை பதிஞ்சு கிடந்தது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால் மகேசு இன்னும் மூடியபடி இருக்கிறாள். "எனக்குக் காலுக்குக் கீழை ஒண்டும் இல்லை, ரீச்சர்" என்றாள் மெல்ல. "முழங்காலுக்குக் கீழைதான். குறுணிக்கல்லு. வாய்ப்பாடு பிழைச்சுப்போய் மூலையிலை முழங்காலிலை நிண்டனான். எல்லாரும் அக்காவைப் பாத்தவை. என்னை வாத்தியார் ஒருநாளும் கெட்டிக்காரி எண்டு சொன்னதில்லை. மழையுக்கை அவ எருமையளோடை போறதைப் பாத்து, நான் அவவாய் இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சன். நினைச்சு நினைச்சு, அந்தக் கயிறு என்ரை கையிலை இருந்த மாதிரியே போச்சுது. நான் பொய் சொல்லேல்லை அக்கா."

அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை வெளியில் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன். என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள்! அதுவும் ஏடு தொடக்கினவள், சிலேட்டு வைத்திருந்தவள்! அழுகிறவளைத் தேற்றாமல் நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று கவினி இப்போதும் சொல்லிக்காட்டுகிறாள். பிறகு அவளுடைய முழங்கால் ஞாபகம் வந்தது. அந்த நாளில் பின்னேரம் அவளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டதும் நான்தான். எங்கேயோ விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ரீச்சர் தன்னுடைய சொந்த லேஞ்சியால் அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டா பாருங்கள், அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. கதை என்னுடையது, லேஞ்சி அவளுக்கு.

அந்த அரைச்சுவர்ப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கம்பி போட்ட ஜன்னலோடு சீமெந்துக் கட்டடம். கன்று பாயவும் முடியாது, வெளியில் நின்று யாரும் ஒட்டுக்கேட்கவும் முடியாது, நானே எட்டித்தான் பார்க்கிறேன். வேலிகள் மதிலாகிவிட்டன. கோவைக்கொடியைக் காட்டச் சொல்லிக் கவினி கேட்டாள் என்று போன கிழமை ஒழுங்கை முழுக்கத் தேடினோம். வாய்க்கால் கரையில் ஒரு கொடி கிடந்தது. இலையைக் கசக்கிப் பார்த்தேன், வெறும் பச்சை மணம்தான். அடுப்புக்கரிக்கு எங்கே போவது, குசினியில் காஸ்.

ரீச்சர் இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறா, சுவரில் ஒட்டப்போகிறாவாம். அதுதான் இது. இப்போது முடிகிற இடத்தில் கவினி பேனையைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள்: "ஆற்றை பேரைப் போடுறது, அம்மம்மா, உங்கடையோ சின்னம்மம்மான்ரையோ?"

"ரெண்டு பேற்றையும் போடு. என்ரையை முதல் போடு."

எழுதிவிட்டாள். நீட்டிக் காட்டுகிறாள். இரண்டு பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது நானா மகேசுவா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளை யார் பக்கம் என்று இன்னும் பிடிபடவில்லை. மதிலால் எட்டி மகேசுவைக் கூப்பிட்டேன். அவள் கைவேலையை விட்டுவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தாளைத் தூரப்பிடித்து, கிட்டப்பிடித்துப் பார்த்தாள்.

"உன்ரைதான் அக்கா முதல்" என்றாள்.

அவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.