காதில் பஞ்சு, கையில் ரிக்

பஞ்சை இரண்டு உருண்டையாக உருட்டிக் காதில் திணித்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் முன் சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார் வசந்தாமணி. "எந்திரி சாமி, வேலை கெடக்குது." சொல்வது வண்டியிடம்தான். அதன்பிறகுதான் கம்ப்ரசர் உறுமும், துளைக்கும் பிட்டு பாறையில் இறங்கும், அஸ்தம்பட்டியை ஒட்டிய அந்தப் பள்ளத்துத் தெரு முழுக்கச் சாம்பல் நிறத் தூசி பறக்கும். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூசிக்கு நடுவிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ரிக் ஓடாத நாளிலும் பஞ்சு காதைவிட்டு இறங்காது. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார். கணவர் இறந்தபின் வண்டியை விற்காமல் தானே தொழிலைக் கையில் எடுத்தபோது சொந்த ஊரான திருச்செங்கோட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பொம்பள ரிக்கு ஓட்டி உருப்பட்ட மாதிரிதான்னாங்களாமுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க, காதுல பஞ்சு" என்று சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் திமிர் இருக்கும். அந்தத் திமிர் அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கொரோனாவுக்குப் பிறகு தொழில் படுத்துவிட்டது. டீசல் விலை ஏறியது, வெளி மாநிலங்களில் போர்வெல் வேலை குறைந்தது. வண்டி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுவிட, அதன் மேல் அவரைக்கொடி படர்ந்தது. ரிக்கை இயக்கும் டிரில்லர் சின்னண்ணன் நூல் மில்லுக்குப் போனார். மற்ற ஆட்கள் கோழிப் பண்ணைகளுக்குப் போனார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து வண்டியை ஆசையோடு சுற்றிப் பார்த்தார். வசந்தாமணி கொடியிலிருந்து ஒரு பை நிறைய அவரைக்காய் பறித்து அவர் கையில் கொடுத்தார். "இந்த வண்டியில குடுக்கறதுக்கு இதுதானுங்க இருக்குது" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான், மழை பெய்தால் மிதக்கிற தெருக்களில் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கும் ஆழ்துளைகள் போட மாநகராட்சி ஆரம்பித்தது. மண்ணே தெரியாமல் சிமெண்டாகிப்போன ஊரில் மழைக்குப் போக்கிடம் இல்லை. சுற்றுவட்டார ரிக்குகளுக்கே வேலை என்று பொறியாளர் யுவஸ்ரீ சொன்ன மறுநாள் அவரைக்கொடி அறுபட்டது. சின்னண்ணன் மில் வேலையை உதறிவிட்டு வந்தார். ஆட்கள் திரும்பினார்கள். அவர்களோடு வெல்டிங் பட்டறைக்கும் டீக்கடைக்கும் உயிர் வந்தது. "தெருவுக்குப் போட்ட காசு எங்காளுங்க அடுப்புலயும் எரியுதுங்க" என்பது வசந்தாமணியின் கணக்கு.

முதல் குழியிலேயே சொதப்பினார்கள். அடியில் இருக்கும் தண்ணீரைத் தொடாமல், காய்ந்த பாறையிலேயே நிறுத்த வேண்டும் என்று யுவஸ்ரீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தொட்டால் தெரு அழுக்கெல்லாம் ஊற்றில் கலந்துவிடும். ஆனால் காலமெல்லாம் தண்ணீரைத் தேடிப் போன கை, ஈரத் தூசியைக் கண்டால் நிற்குமா? சின்னண்ணன் ராடுக்கு மேல் ராடு மாட்டிக்கொண்டே போனார். தண்ணீர் மாடி உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஆட்கள் விசிலடித்தார்கள். வசந்தாமணியும் மெய்ம்மறந்து கும்பிட்டார். தண்ணீர் வந்தால் டிரில்லருக்கு வீட்டுக்காரர்கள் துண்டு போர்த்துவது இந்தத் தொழிலில் வழக்கம். எதிர்வீட்டுக் கந்தம்மாள் புதுத் துண்டோடு ஓடி வந்தார். யுவஸ்ரீ மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தண்ணியக் குடிக்கிற குழி கேட்டேன். நீங்க துப்புற குழி போட்டிருக்கீங்க."

அந்தக் குழியை மூடி, பக்கத்தில் வேறொன்றைத் தன் செலவில் போட்டுக் கொடுத்தார் வசந்தாமணி. சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. "இத்தன வருசம் பூமிகிட்டக் கேட்டே பழகிட்டமுங்க. குடுக்கறதுக்கும் கை பழகோணுமல்ல" என்றார்.

கந்தம்மாள் துண்டை மடித்துத் திரும்ப எடுத்துப்போனார். அவர் வீடு தெருவின் அடிப்பள்ளத்தில் இருக்கிறது. முன்னறையில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோக்கும் வேலை. மழை பெய்தால் பட்டறைப் பலகையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். "எம்பட ஊட்டுக்குள்ள தண்ணி வரலீன்னா அன்னைக்குப் போத்தறேன் அம்மிணி" என்று கறாராகச் சொல்லிவிட்டார். இந்தத் தெரு ஒரு பெருமழையைத் தாங்கினால்தான் மற்ற பள்ளத்துத் தெருக்கள் வசந்தாமணிக்கு வரும். தாங்காவிட்டால் வண்டி மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும், சின்னண்ணன் மில்லுக்குப் போக வேண்டும்.

ஐப்பசியில் ஒரு மாலை ஏற்காட்டு மலை கறுத்து, மழை கொட்டத் தொடங்கியது. மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் வழக்கம்போல இங்கே வந்து சேர்ந்தது. கடைசிக் குழிக்கு ஜல்லியும் மணலும் நிரப்பிவிட்டு வண்டியோரம் ஒதுங்கியிருந்தார்கள். கந்தம்மாள் வீட்டு முதல் படி முழுகியது. இரண்டாவது படியும் முழுகியது.

"ஏறுது அம்மிணி! பட்டறையத் தூக்கட்டுமா?" என்று வாசலில் நின்று கத்தினார் கந்தம்மாள்.

வசந்தாமணி முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார். வீட்டெதிரே இருந்த குழியின் கம்பி மூடியில் புங்க இலையும் பாலிதீன் பையும் அப்பிக் கிடந்தன. இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தார். சின்னண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கத் தொடங்கியது. மழை விடவில்லை. ஆனால் இரண்டாவது படி வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் படியும், கடைசியில் குழியின் கம்பி மூடியும் தெரிந்தன. "உள்ள ஒரு சொட்டு வரலீங்க!" என்று கூவினார் கந்தம்மாள். அதே துண்டை எடுத்துக்கொண்டு நனைந்தபடி இறங்கி வந்தார். சின்னண்ணன் கையை நீட்டி வசந்தாமணியைக் காட்டினார்.

வசந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. தெருவிலேயே மண்டியிட்டு, காதிலிருந்த பஞ்சை இரண்டு பக்கமும் பிடுங்கி எறிந்தார். பிரித்த துண்டோடு பின்னால் வந்து நின்றவரிடம் "சித்த இருங்க" என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கம்பி மூடியில் காதை வைத்தார்.